மறதி நோயும் மதியப் பொழுதும்

மறதி நோய் உள்ள பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று தெரியும். சாப்பாடு, குளியல், கழிப்பறை எல்லாம் எப்படியோ ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டன. மிச்சமிருக்கும் நேரத்தை என்ன செய்வது? காலைப் பலகாரம் முடிந்து மதியச் சாப்பாடு வரை, மதியத் தூக்கம் கலைந்து விளக்கு வைக்கும் வரை, ஒரு வீட்டில் அம்மா அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறார். பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் கட்டிலில் அள்ளிப் போடுகிறார். இருப்பது சொந்த வீடுதான். ஆனால் "நான் வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவை இழுக்கிறார். இன்னொரு வீட்டில் அப்பா, டிவி முன்னால் உட்கார வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறார். படம் ஓடுகிறது. அவர் பார்வை அதில் இல்லை.

இது ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. மருத்துவமனையில் நமக்குக் கிடைக்கும் நேரத்தில் இதைப் பற்றிக் கேட்கவும் முடிவதில்லை, சொல்லவும் யாருக்கும் பொழுது இருப்பதில்லை. அதனாலேயே பல வீடுகளில் இது பேசப்படாமல் போகிறது.

நம் வீடுகளில் இரண்டு விதமான எண்ணம் இருக்கிறது. "நினைவே இல்லாதவருக்குப் பாட்டும் விளையாட்டும் எதற்கு? நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுத்தால் போதும்" என்பது ஒன்று. "குறுக்கெழுத்தும் கணக்கும் போட வைத்தால் மறதி சரியாகிவிடும்" என்பது மற்றது. முதலாவது, இருக்கும் திறனைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. இரண்டாவது, இல்லாத ஒன்றை எதிர்பார்த்து அவரையும் நம்மையும் சோர வைக்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாட்டும் விளையாட்டும் கைவேலையும் இந்த நோயைக் குணமாக்காது. ஆனால் அந்த நோயோடு வாழ்கிறவரின் இன்றைய நாளை நல்ல நாளாக்கும். உணவைப் போல, தூக்கத்தைப் போல, அது அவருக்குத் தேவையான ஒன்று.

இதைப் புரிந்துகொள்ள, நோய் மூளையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மறதி நோயை மருத்துவர்கள் டிமென்ஷியா என்று சொல்கிறார்கள்; அது ஒரே ஒரு நோய் அல்ல. பல நோய்களால் வரும் அறிவுத்திறன் சரிவின் பொதுப்பெயர் அது. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அதுதான் காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஒரு நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டிலேயே, மனைவியோ மகளோ மருமகளோ பார்த்துக்கொள்ள, நாட்களைக் கழிக்கிறார்கள்.

இந்த நோய் மூளை முழுவதையும் ஒரே சமயத்தில் அணைத்துவிடுவதில்லை. மூன்று ஃபேஸ் மின்சாரம் உள்ள வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் போனால் என்ன ஆகும்? கூடம் இருட்டாகிவிடும், சமையலறை விளக்கு எரியும். அப்படித்தான் இதுவும். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவது ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும். இன்று காலை நடந்ததைப் பதிந்து வைப்பது அந்தப் பகுதியின் வேலை. அதனால்தான் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் "எனக்குச் சோறு போடலையா?" என்ற கேள்வி வருகிறது. ஆனால் பல ஆண்டுகள் செய்து செய்து கைக்குப் பழகிய வேலைகளைக் காப்பாற்றி வைப்பவை மூளையின் வேறு பகுதிகள். அவை பெரும்பாலும் பின்னால்தான் பாதிக்கப்படுகின்றன.

இந்த இரண்டு நினைவுகளும் வேறு வேறு என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். அவருக்கு இருந்தது டிமென்ஷியா அல்ல. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல், அவருடைய 27 வயதில், மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் உள்ள பகுதியை அறுவைச் சிகிச்சையில் பெருமளவு எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் வரம்புக்குள் கோடு போட வேண்டும். யாருக்கும் முதலில் கோணலாகத்தான் வரும். மொலைசனுக்கு நாளுக்கு நாள் கோடு சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும், இப்படி ஒரு வேலையைத் தான் முன்பு செய்ததே இல்லை என்றுதான் அவர் எண்ணினார். அவருக்கு நினைவில்லாததை அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். பேரனின் பெயர் வராத பாட்டியிடம் வாழை நாரையும் மல்லிகையையும் கொடுங்கள். இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி என்று விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடத் தொடங்கிவிடும். முறத்தில் அரிசியைக் கொடுத்தால் தவிடும் கல்லும் ஒதுங்கும்படி புடைப்பார். ஐம்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவர் நூலை விரலில் உருட்டிப் பார்த்ததுமே அதன் தரத்தைச் சொல்லுவார். நினைவு போய்விட்டது என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, போகாமல் இருக்கும் இத்தனையையும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

பாட்டும் இதே கதைதான். நெடுநாள் பழகிய இசையை நினைவு கொள்ளும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தேடினார்கள். அந்தப் பகுதிகள் அல்சைமர் நோயில் மற்ற இடங்களை விடக் குறைவாகவே சேதமடைகின்றன என்று 2015இல் வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் தடுமாறுகிறவர், ஒரு பாட்டின் பல்லவியையும் சரணத்தையும் வரி பிசகாமல் பாடுவது இதனாலாக இருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டு என்பது முக்கியம். மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்டதும் பார்த்ததும்தான் அழுத்தமாகப் பதிந்திருக்கும். இன்று எண்பது வயதானவர் 1960களில் இளைஞர். அவருக்கு 'கர்ணன்' வந்த 1964ஆம் ஆண்டின் பாட்டுகள் பேசும்; இலங்கை வானொலியில் கேட்ட குரல்கள் பேசும். அவரைவிடப் பத்து வயது இளையவருக்கு, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்த காலம் பேசும். கந்த சஷ்டி கவசமோ, கோயில் திருவிழாவில் கேட்ட நாகஸ்வரமோ, மாதா கோயில் கீர்த்தனையோ, நாகூர் ஹனிபாவின் குரலோ, அவருடைய இருபதாவது வயதில் அந்த வீட்டில் எது ஒலித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குப் பிடித்ததைப் போடுவதும், அமைதி தரும் என்று யாரோ சொன்ன ஒரு வாத்திய இசையைப் போடுவதும் அந்த அளவுக்கு உதவாது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "அரை மணி நேரம் உட்கார்ந்து தாயம் ஆடுறோம். பத்து நிமிஷத்துல ஆடினதே மறந்துபோயிடுது. அப்புறம் இதனால என்ன பிரயோஜனம்?" இந்தக் கேள்வியில் களைப்பும் வருத்தமும் இருக்கின்றன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. அல்சைமர் நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், பார்த்ததில் பெரும்பகுதி அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் காட்சி தந்த உணர்ச்சி அவர்களிடம் தங்கியிருந்தது. சோகக் காட்சியைப் பார்த்தவர்கள், எதற்கு என்று தெரியாமலே வருத்தமாக இருந்தார்கள். மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள், காரணம் தெரியாமலே மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

இதன் பொருளை நாம் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். காலையில் நாம் எரிச்சலில் சொன்ன ஒரு சொல் அவருக்கு மறந்துவிடும்; அந்தச் சொல் உண்டாக்கிய கலக்கம் மறையாமல் இருக்கும். அவர் ஏன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்கும் புரியாது, அவருக்கும் சொல்லத் தெரியாது. அதேபோல, தாயம் ஆடியது மறந்துவிடும். தாயக்கட்டை உருண்டு தாயம் விழுந்தபோது வந்த சிரிப்பின் தெம்பு அதன்பிறகும் நிற்கும். குளிக்க அழைக்கும்போது முரண்டு குறையலாம், இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடலாம். ஆடியதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் மிகையான நம்பிக்கையை விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். லண்டனில் எய்மி ஸ்பெக்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் குழுவாகச் செய்யும் ஒரு முறையை உருவாக்கினார்கள். வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். அதில் பாட்டு, உணவு, சிறுவயது நினைவுகள், படங்கள், சொல் விளையாட்டு, பணத்தைக் கையாளுதல் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். 201 பேரிடம் நடத்திப் பார்த்த முடிவுகள் 2003இல் வெளிவந்தன. கலந்துகொண்டவர்களின் அறிவுத்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் இப்படிப்பட்ட 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு, லேசான நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பலன், அறிவுத்திறன் சரிவை ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளிப்போடுவதற்குச் சமம் என்று மதிப்பிட்டது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் இந்த முறையைத் தமிழுக்கும் நம் பழக்கவழக்கங்களுக்கும் ஏற்றபடி அமைத்து நடத்தியிருக்கிறது.

ஆறு மாதம் என்பது கேட்பதற்குச் சிறியதாக இருக்கலாம். தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆறு மாதம் அந்த வீட்டுக்குச் சிறியதல்ல. அதே சமயம், எல்லாவற்றுக்கும் இப்படிப் பலன் கிடைப்பதில்லை. இசைச் சிகிச்சை பற்றிய காக்ரேன் தொகுப்பு, அது மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்கிறது. ஆனால் கிளர்ச்சியையும் கோபத்தையும் பெரிதாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. பிரிட்டனில் 494 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையான உடற்பயிற்சி பெற்றவர்களுக்கு உடல் வலு கூடியது, மறதியின் வேகம் குறையவில்லை. ஆகவே, நடைப்பயிற்சியை அவருடைய கால் வலுவுக்காகவும் தூக்கத்துக்காகவும் வெளிக்காற்றுக்காகவும் செய்யுங்கள். நினைவு திரும்பும் என்று சொல்லி எழுபத்தெட்டு வயதுக்காரரை மூச்சிரைக்க நடக்க வைக்காதீர்கள்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு, அமெரிக்காவில் லாரா கிட்லின் 60 குடும்பங்களோடு நடத்தி 2008இல் வெளியிட்டது. எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பயிற்சி பெற்றவர்கள் போய், அந்த மனிதரால் இப்போது எது முடியும், முன்பு அவருக்கு எதில் நாட்டம் என்று பார்த்து, அதற்கேற்ற வேலையை அமைத்துக் கொடுத்தார்கள். பார்த்துக்கொள்பவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். விளைவு, நிழல் போலப் பின்னாலேயே வருவதும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் குறைந்தன. பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஓய்வு நேரம் கொஞ்சம் கூடியது. அம்மா பீரோவைக் கலைப்பதும் கதவை இழுப்பதும் நோயின் அடையாளம் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். பல சமயம் அது, கைக்கு வேலை இல்லாத ஒரு மனிதர் வேலை தேடுவது. ஐம்பது வருடம் ஒரு வீட்டைக் கட்டி நிர்வகித்த கைகள் அவை. சும்மா இருக்கச் சொன்னால் அவற்றுக்குத் தெரியாது.

அப்படியென்றால் எந்த வேலை? அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே எடுக்க வேண்டும். சமையலில் காலத்தைக் கழித்தவருக்கு முருங்கைக்கீரை உருவுவது, மொச்சை உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, அரைக்கீரை ஆய்வது. வாசல் தெளித்துக் கோலம் போட்டவருக்கு, குனிய முடியாவிட்டால், மடியில் ஒரு சிலேட்டும் சாக்பீஸும். வாத்தியாராக இருந்தவருக்குப் பேரப்பிள்ளையின் நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும். வங்கியிலோ கடையிலோ கல்லாவில் உட்கார்ந்தவருக்குச் சில்லறை நாணயங்களை வகைபிரித்து அடுக்குவது. விவசாயம் பார்த்தவருக்குத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, விதை பிரிப்பது, கொத்தமல்லி விதைத்து முளைப்பதைப் பார்ப்பது. தச்சராக இருந்தவருக்கு ஒரு மரத்துண்டும் உப்புத்தாளும். தையல் தெரிந்தவருக்குப் பெரிய பொத்தான்களும் துணியும். எல்லா வீட்டிலும் உலர்ந்த துணி இருக்கிறது. துண்டு மடிப்பது எவருக்கும் ஏற்ற வேலை. தினசரி பேப்பரைக் காலையில் அவர் கையில் கொடுப்பதும் ஒரு வேலைதான். ஒரே பக்கத்தை அவர் அரை மணி நேரம் பார்த்தாலும் பரவாயில்லை. பேப்பர் படிக்கும் மனிதராக அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

நோய் வளர வளர வேலையைச் சிறிதாக்க வேண்டும். கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில், குழந்தைகளுக்கு மாண்டிசோரி பள்ளியில் கற்றுக்கொடுக்கும் முறையின் சாரத்தை எடுத்து மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொருத்தினார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பது, வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது, தவறிப்போக இடமில்லாதபடி பொருள்களை அமைப்பது ஆகியவை அதன் அடிப்படை. நம் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் தொடக்கத்தில் பதினான்கு குழியோடு பசு எடுத்து முழு ஆட்டமும் ஆடுவார். சில வருடம் கழித்துக் கணக்கு நழுவும். அப்போது குழிக்கு ஒரு சோழி என்று போட்டுக்கொண்டே போனால் போதும். அதற்கும் பின்னால், சோழிகளைக் கையில் அள்ளி அந்தச் சத்தத்தைக் கேட்பதே ஆட்டம். மூன்று நிலையிலும் அவர் பல்லாங்குழிதான் ஆடுகிறார். விதி அவருக்காக இளகிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி நிலையில், படுக்கையோடு இருப்பவருக்கும் ஏற்றது உண்டு. கைக்கு இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது, மருக்கொழுந்தை மூக்கருகே காட்டுவது, பழைய பட்டுப்புடவையின் சரிகையை விரலால் தடவ விடுவது, காதருகே பழகிய பாட்டை மெல்லப் பாடுவது. அவர் பதில் சொல்லாவிட்டாலும் முகத்தின் இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம். அதுவே பதில்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நோய் முற்றும்போது எதையும் வாயில் போடும் பழக்கம் வரலாம். அப்போது புளியங்கொட்டை, சோழி, மணி, சிறு நாணயம், சிறு பொத்தான் எல்லாம் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். கத்தி, அரிவாள்மனை, ஊசி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் தனியே விடாதீர்கள். எல்லா டிமென்ஷியாவும் ஒரே மாதிரி இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். லூயி பாடி என்ற வகையில் உடல் விறைப்பும், இல்லாத உருவங்கள் தெரிவதும் இருக்கும். அவர்களுக்கு நடையிலும் நுண்ணிய கைவேலையிலும் துணை வேண்டும். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் வகையில் பேச்சும் நடத்தையும் முதலில் மாறும். எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் வேலையைத் தேர்ந்தெடுப்பது எளிது.

இனி, எப்படிச் செய்ய வைப்பது. "அம்மா, ஏதாவது செய்யுங்க" என்றால் அவர் அசையமாட்டார். தானாக ஒன்றைத் தொடங்கும் ஆற்றல் குறைவதும் இந்த நோயின் ஒரு பகுதி. அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தை நாம் கொடுக்க வேண்டும். டிவியை அணையுங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒரு கீரைத்தண்டை உருவிக்கொண்டே, "அத்தை, இன்னைக்கு முருங்கைக்கீரை. கொஞ்சம் உருவித் தர்றீங்களா?" என்று ஒரு தண்டை அவர் கையில் கொடுங்கள். கட்டளையைவிட உதவி கேட்பது மரியாதையானது. அவருக்கு அது பழக்கமானதும் கூட. காலையில் குளித்துச் சாப்பிட்ட பிறகு தெளிவு அதிகமாக இருக்கும். பலருக்கு மாலை சாயும் வேளையில் குழப்பம் கூடும் என்பதால் அதற்கு முன்பே, மூன்று நான்கு மணி அளவில் எளிமையான ஒன்றைத் தொடங்கிவிட்டால் அந்த நேரம் கொஞ்சம் அமைதியாகக் கடக்கும். இருபது நிமிடம் போதும். முகம் சுளித்தால், எழ முயன்றால் நிறுத்திவிடுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள்.

செய்யவே கூடாதவை சில. பரீட்சை வைக்காதீர்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்", "நேத்து யார் வந்தா?" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்பதைப் போல ஒருவரைக் கூச வைப்பது வேறில்லை. "நேத்து உங்க தம்பி வந்தாரு, பலாப்பழம் கொண்டு வந்தாரு" என்று நாமே சொல்லிவிட்டால், பலாப்பழத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்குவார். தவறைத் திருத்தாதீர்கள். கீரையோடு தண்டும் சேர்ந்துவிட்டால், பூச்சரம் இடைவெளி விட்டிருந்தால், அவர் கண் எதிரில் அதைப் பிரித்து மறுபடி செய்யாதீர்கள். சின்னக் குழந்தைகளின் பொம்மையையும் பலூனையும் கொடுத்து ஆட வைக்காதீர்கள், அவராக விரும்பி எடுத்தாலொழிய. எண்பது வருடம் வாழ்ந்தவரின் கௌரவம் அவருடைய நினைவோடு போய்விடுவதில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட ஒரு நூலில், டிமென்ஷியா உள்ளவருக்கும் நம் எல்லாரையும் போன்ற மனத் தேவைகள் உண்டு என்று எழுதினார். ஆறுதல், பற்று, கூட்டத்தில் ஓர் இடம், ஈடுபட ஒரு வேலை, தான் யார் என்ற உணர்வு. இவற்றின் நடுவில் அன்பு. இந்த வரிசையில் ஈடுபட ஒரு வேலை இருப்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் அன்புக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அன்பினாலேயே, "நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க, சும்மா உக்காருங்க" என்று ஒவ்வொரு வேலையாக அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். முதலில் சமையல், பிறகு காபி கலப்பது, பிறகு தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுவது. நோய் எடுத்ததைவிட அதிகத்தை நம் அவசரம் எடுத்துவிடுகிறது. பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் அவருடையது.

இத்தனையையும் பார்த்துக்கொள்பவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் ஒரு பெண். ஏற்கனவே சமையலும் வேலையும் பிள்ளைகளும் அவர் தலையில். அதனால் வேலையைப் புதிதாக உண்டாக்க வேண்டாம். வீட்டில் எப்படியும் நடக்கும் வேலையில் ஒரு துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தால் போதும். பேரப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தாயமும் பரமபதமும் அவர்களுக்குத் தாத்தா கற்றுக்கொடுக்கட்டும். வெளியூரில் இருக்கும் தம்பியும் தங்கையும் "எப்படி இருக்காங்க?" என்று போனில் கேட்பதோடு நிறுத்தாமல், ஞாயிறு காலை வீடியோ அழைப்பில் வந்து அம்மாவோடு பழைய பாட்டுப் பாடட்டும். கல்யாணம் காதுகுத்து என்றால் உள்ளறையில் உட்கார வைத்துவிடாமல், கூட்டம் வருவதற்கு முன் சற்று நேரமாவது அவரைப் பந்தலில் உட்கார வையுங்கள். கோயிலுக்குக் கூட்டம் இல்லாத வேளையில், பழகிய தெரு வழியாக அழைத்துப் போங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நோயைச் சொல்லிவையுங்கள். மறைத்தால் உதவி வராது. ஊரில் முதியோர் பகல் பராமரிப்பு மையம் இருந்தால் விசாரியுங்கள். 1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

தொடங்க விரும்புகிறவர்கள் இன்று இரவு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஊர், செய்த தொழில், இருபது வயதில் கேட்ட பாட்டு, கையில் பழகிய வேலை, பிடித்த வாசனை, சிரித்துச் சொல்லும் பழைய கதை, கேட்டால் கோபம் வரும் பேச்சு. குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்கு இன்னும் சொல்ல முடிகிறது என்றால், அவரிடமே கேட்டு எழுதுங்கள். எழுதும் அந்த ஒரு மணி நேரமே நல்ல பொழுது. நாளை அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, காலைப் பலகாரத்துக்குப் பிறகு அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வேறொன்று. வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வேண்டாம். அவர் முகம் தெளிந்ததா என்று மட்டும் பாருங்கள். தெளிந்திருந்தால், இந்த நோயின் எதிரில் நம்மால் செய்யக்கூடியதில் முக்கியமான ஒன்றைச் செய்துவிட்டோம்.